இசக்கியை நீக்கச் சொன்னார்கள்

இன்று ஆபீஸ் ஆன்லைன் மீட்டிங்கில் என் பெயரைச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

பம்பாயில் அப்பா பெயர் நமக்குக் கடைசிப் பெயராகிவிடும். அதனால் எல்லோருக்கும் நான் 'சுடலை மேடம்'.

கம்ப்யூட்டருக்கான எக்ஸ்எம்எல் வடிவில் வரும் பில்களை அச்சுக்கு ஏற்றபடி மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி புரோகிராம் எழுதுவது என் வேலை. அந்த மொழியோடு வரும் ஃபங்ஷன்களை, அதாவது ஒரு வேலையைச் செய்து தரும் குட்டி நிரல்களை, அப்படியே கூப்பிடலாம். நாமே எழுதிச் சேர்த்ததற்கு மட்டும் முன்னால் ஓர் அடையாளப் பெயர் போட்டாக வேண்டும்.

தேதியை ஒழுங்காக எழுதித் தர அப்போது ஃபங்ஷன் கிடையாது. நானே எழுதினேன். முன்னால் 'இசக்கி' என்று போட்டேன்.

இன்று செம்பூர் ஆபீஸிலிருந்து ரோஹித் கேட்டான்: "யே இசாக்கி கோன் ஹை?" யார் இந்த இசக்கி என்று.

யாருக்கும் தெரியவில்லை. ஏதோ வெளிக் கம்பெனியின் பழைய புரோகிராம் தொகுப்பு என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

நான் வீட்டிலிருந்துதான் மீட்டிங்கில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா சந்திலிருந்து கத்தினாள். "ஏட்டி இசக்கி, தண்ணி வந்துட்டு. கொடத்த எடுத்துட்டு வா."

என் மைக் அணைந்திருந்தது.

புது வெர்ஷனில் அதே வேலைக்கு ஸ்டாண்டர்ட் ஃபங்ஷன் வந்துவிட்டதாம். "சுடலை மேடம், இசாக்கி கோ நிகால் தோ", இசக்கியை எடுத்துவிடுங்கள் என்றான் ரோஹித்.

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு 'ஓகே' என்று டைப் செய்தேன்.

இசக்கியை நீக்கி, ஸ்டாண்டர்ட் ஃபங்ஷனைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பில்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

குடத்தோடு கீழே இறங்கியபோது தண்ணீரும் நின்றிருந்தது.

உங்கள் ஆபீஸில் உங்களை யார் பெயரால் கூப்பிடுகிறார்கள்?