பெல்ட்டைக் கழற்றச் சொன்னவர்

“இன்னைக்கு இசக்கி வரமாட்டா தம்பி” என்று காலை ஏழு மணிக்குச் சுடலை அண்ணன் போனில் சொன்னபோது, மனைவிக்கு லீவு கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நாளைக்காவது வருவார்களா, லெதர் சீட் வேலை ஒன்று காத்திருக்கிறது என்றேன். மறுமுனையில் அண்ணன் விம்மினார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து போய்விட்டாராம். நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இசக்கியம்மாள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கரமனையில் இருக்கும் எங்கள் கடைக்குப் புதுக் காரைக் கொண்டுவந்து, பெயிண்ட் மங்காமல் இருக்கக் கோட்டிங் போட்டுக்கொண்ட எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். தேங்காய் எண்ணெய்த் தலையோடு வெளிர் நிற சீட்டில் சாய்ந்தவர்களுக்குத் துண்டை நீட்டுவார். புது பெயிண்ட் பச்சைப் பிள்ளையின் தோல் என்பார். வாசலில் வரிசையாக ஆணி அடித்து, கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் அதில் மாட்டிவிட்டுத்தான் யாரும் வண்டிப் பக்கம் வரவேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். கடைக்கு நான் முதலாளி என்பது பெயருக்குத்தான்.

கடை திறந்த புதிதில் ஒரு போலீஸ் அதிகாரி கறுப்பு நிறப் புது வண்டியோடு சீருடையில் வந்தார். அவ்வளவு பெரிய வண்டி எங்களை நம்பி வந்தது அதுதான் முதல் தடவை. பானெட்டின் மேல் சாய்ந்து எதையோ காட்டப் போனவரை அக்கா மறித்து, “சாரே, பெல்ட் ஊரியிட்டு வரணும்” என்று தன் திருநெல்வேலி மலையாளத்தில் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்று பிற்பகலே அந்த வண்டியில் கீறல் விழுந்தது. கதவைத் துடைக்கக் குனிந்த அக்காவின் தாலிச் சங்கிலி, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் இடுக்கு வழியாக நழுவி, கதவில் உரசிவிட்டது. விரல் நீளக் கோடு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பாலிஷ் செய்து மேலே கோட்டிங் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று பயமுறுத்தவும் செய்தேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் அதிகாரி வந்ததும் விளக்கைப் பிடித்துக் காட்டி, “பெல்ட்ட ஊரச் சொன்ன நானே கீறிட்டேன் சாரே” என்றார். எதனால் என்று அவர் கேட்க, அக்கா சங்கிலியைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரிசெய்து கொடுத்தால் போதும் என்றார். அடுத்த வருடம் அவருடைய தம்பி புது வண்டியோடு வந்தார், பெல்ட் இல்லாமலே.

ஆனால் கீறல் விழுந்த மறுநாளே அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு. அதில் தங்கத் தாலிக்குப் பதில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. தாலியும் சங்கிலியும் பீரோவுக்குப் போய்விட்டன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் தெரு கேட்டது. சுடலை அண்ணன் ஹோட்டலில் பரிமாறுகிறவர், டீயைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். அவர் பெண்டாட்டியின் தாலியை விற்றுக் குடித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. வேலைக்காகத்தான் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். யாருடைய காருக்கோ தாலியைக் கழற்றுவாளா என்று அதற்கும் சிரித்தார்கள். அண்ணனுக்காகவாவது திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். “அவுகளுக்கும் எனக்கும் தெரியும்லா தம்பி” என்றார். எட்டு வருடம் அந்தப் பேச்சோடுதான் இருவரும் அந்தத் தெருவில் நடந்தார்கள்.

அக்கா போன அன்று காலை கடையிலிருந்து நான்கு பேர் போனோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தங்கத் தாலி சங்கிலியோடு சேலைக்கு மேலே தெரிந்தது. இது எங்கே இருந்தது என்று பக்கத்து வீட்டம்மா வாய்விட்டே கேட்டார். சுடலை அண்ணன் தலை நிமிர்ந்தார். “இங்கனதான் இருந்திச்சு. வண்டிக்கு ஆகாதுன்னு வச்சிருந்தா” என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் வந்தது பெருமைதான். அப்படிப்பட்ட ஒருவர் என் கடையில் வேலை பார்த்தார்.

வெளியே வந்தபோது வாசல் மதிலின் மேல் எங்கள் நான்கு பேரின் பெல்ட்டும் கடிகாரமும் வரிசையாக இருந்தன. உள்ளே போகும் முன் கழற்றி வைத்தது ஒருவருக்கும் நினைவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். கீறல் படக்கூடாத எதன் அருகில் போனாலும் என் கை தானாக இடுப்புக்குப் போகிறது.