மாலையில் மட்டும் நடந்தேன்

ஆலங்குடிச் சந்தைத் திடலில் நான் உதைத்த உதை, எதிராளியின் முழங்கையில் போய் மோதியது. டக்கென்று ஒரு சத்தம். அவன் கைதான் போச்சு என்று நினைத்து, "அடி பலமா தம்பி?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. ஒங்க காலப் பாருங்க."

முழங்காலுக்குக் கீழே என் வலது கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

பிள்ளைகளே, காலில் கட்டோடு படுத்திருக்கும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதுவரை படித்தவன். டிக்கெட் போட்டு நடத்தும் சண்டைகளில் கையால் குத்தி, காலால் உதைத்துப் பிழைத்தவன். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும் அப்போது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே (உள்ளே இருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுத்தார்கள். பிறகு மாவுக்கட்டு (மாவில் நனைத்த துணியைச் சுற்றிக் கல்லுப்போல் காயவிடுவது) போட்டார்கள். டாக்டர் பட்டணத்துக்காரர். புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசுவார்.

"ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. எலும்பு நேராகச் சேர்ந்தால் மறுபடி சண்டை போடலாம். இல்லாவிட்டால் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும்."

எங்கள் பக்கத்தில் "கால ஊனாத" என்போம். காலை என்றால் எங்களுக்குப் பொழுது விடிவதுதான். அதனால் காலை முழுக்க அசையாமல் கிடந்தேன். சாயங்காலம் எழுந்து கொல்லைவரை நடந்தேன்.

"ஏங்க, ஊனக்கூடாதுன்னாகள்ல?" என்றாள் என் மனைவி சிவகாமி.

"அது காலைல. இப்பப் பொழுது சாஞ்சிருச்சு."

"பெரிய டாக்டருதான். வேளை பாத்துச் சொல்லியிருக்காக."

மூன்றாம் வாரம் படம் பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. எலும்பு விலகியிருந்தது. "நடந்தீர்களா?"

"காலைல நடக்கலைங்க. சாயங்காலம் மட்டுந்தான். நீங்க சொன்னபடியே."

டாக்டர் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார். சிரித்து முடித்து எலும்பை இழுத்து வைத்தார். அப்போது நான் சிரிக்கவில்லை. சிவகாமியிடம், "இந்தக் கால், அம்மா. காலை, மதியம், இரவு, எப்போதும் ஊன்றக் கூடாது" என்றார்.

"இனி எந்திரிச்சா இன்னொரு காலயும் ஒடைச்சுப்புடுறேங்க."

டாக்டர் சொல்வது விளங்காவிட்டால் இரண்டாம் தடவை கேளுங்கள். விளங்கினாலும் கேளுங்கள்.

கட்டைப் பிரித்தபோது கால் முருங்கைக்காய்போல இருந்தது. கம்பு ஊன்றாமல் நடக்க நான்கு மாதம் ஆயிற்று. மணல் மூட்டையை உதைத்துப் பழகினேன். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் உதை ஒரு மூச்சு தாமதமாகவே போனது. இனி மேடை இல்லை என்று நினைத்தேன். "ஒருவாட்டி ஏறிப் பாத்துட்டு நிறுத்துங்க" என்றாள் சிவகாமி.

திருமயத்தில் ஏறினேன். எதிராளி என் பழைய உதையை அறிந்தவன். நான் இடுப்பைத் திருப்பியதும் குனிந்தான். கால் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நிமிர்ந்து பார்த்தான். அப்போது வந்தது. தோளில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப வரும்னே தெரியலயேண்ணே" என்றான்.

"எனக்கும் தெரியலப்பா" என்றேன்.

அதன்பின் மூன்று வருஷம் சண்டை போட்டேன். முன்பெல்லாம் நினைக்கும் முன்பே கால் போய்விடும். அடிபட்டபின் நினைத்து, ஒரு மூச்சு விட்டபிறகுதான் கிளம்பியது. அந்த ஒரு மூச்சு நேரம் முன்பு என்னிடம் இருந்ததில்லை. எதிரே நிற்பவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ள அது போதுமாயிருந்தது.