லிம்முகள் எங்கே சிங்கிலித்தன?

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம். ஆறாம் வகுப்பு வரை நான் படித்த தெலுங்குப் பாடங்களில் ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் தெலுங்கில் நான்தான் முதல் மார்க்.

ஆந்திர எல்லையில், நகரி பக்கத்தில் தமிழ் வீடு, தெலுங்குப் பள்ளிக்கூடம். ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்கள். கேள்வியில் இருக்கும் வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறதென்று தேடி, அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே இறக்கிவிட்டால் மார்க். படித்துப் புரிந்துகொள்வது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். கதையில் யார் செத்தார்கள் என்றுகூடத் தெரியாமல் கையெழுத்தை மட்டும் அழகாக வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்பில் புதிதாக ஒரு தெலுங்கு சார் வந்தார். திருப்பதியில் வாசிப்புப் போட்டி, வகுப்புக்கு ஒருத்தர், பஸ்ஸும் ஓட்டல் பூரியும் பள்ளிக்கூடத்துச் செலவு என்றார். பூரி என்றதுமே நான் மனசுக்குள் பஸ் ஏறிவிட்டேன்.

ஆள் பொறுக்க, போர்டில் ஒரு பத்தி எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி: 'லிம்முகள் தபடத்தில் சிங்கிலித்தன. அதனால் ஜொங்கை மிகவும் பிலுத்தது.' கேள்வி: லிம்முகள் எங்கே சிங்கிலித்தன? ஜொங்கை ஏன் பிலுத்தது?

தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளே தலையைச் சொறிந்தார்கள். நான் முதல் ஆளாக எழுதி நீட்டினேன். எனக்கு எல்லாத் தெலுங்கும் அப்படித்தானே இருந்தது! அதே வகுப்பில் படித்த என் அத்தை மகள், வெற்றுத் தாளோடு எழுந்து நின்று சாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பூரி நினைப்பில் நான் காதில் வாங்கவில்லை.

எனக்கு முழு மார்க். அவளுக்கு சைபர். சார் பொறுக்கியது அவளை!

வீட்டுக்கு வந்து குதித்தேன். அப்பாவுக்கு, அதாவது எங்கள் நைனாவுக்கு, என்னைவிடக் கோபம்.

"முழு மார்க் வாங்கின புள்ளைய உட்டுட்டு சைபருக்கு பஸ் டிக்கெட்டா? இரு, இன்னாதான் சொல்றாருன்னு கேட்டுக்கினு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தவரிடம் கோபத்தைக் காணோம். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"லிம்முன்னா இன்னாடா?"

"தபடத்துல சிங்கிலிக்கிறது, நைனா."

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எந்த பாஷையிலும் இல்லாத வார்த்தைகளாம், சார் சும்மா கட்டிவிட்டவை.

அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. அப்போது அந்த சார் மேல். இப்போது, அதற்கு முன்னால் ஐந்து வகுப்பிலும் என் நோட்டில் சிவப்பு மையால் 'வெரி குட்' போட்டவர்கள் மேல். அதில் ஒருத்தராவது, இதுக்கு என்னடா அர்த்தம் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? இன்றைக்கும் போனில் எது வந்து நின்றாலும் படிக்காமல் 'ஓகே' தட்டுகிறேனே, அந்தக் கை அவர்கள் பழக்கிய கை.

அத்தை மகள் திருப்பதியிலிருந்து திரும்பிய சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலேயே மறித்தேன்.

"ஒண்ணுமே எழுதாத நீ எப்படிடி போன? அப்படி இன்னாதான் சொன்ன சாராண்ட?"

"புரியலன்னு சொன்னேன்."