கிளாரினெட் இல்லாத தாலாட்டு

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பொரித்த பற்றிஸ் பலகாரத்தின் மணம்தான் வருகிறது. கூடவே குமட்டலும்.

யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தேன். கிழமை நாட்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டச்சு, சனி ஞாயிறில் ஓர் இசைக்குழுவில் இரண்டாம் வயலின். கறுவாத்தோட்டத்துப் பெரிய மனிதர்கள் நடத்திய குழு அது. அதில் தமிழர் என்று பார்த்தால் நான், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கிளாரினெட்காரத் தம்பி, பிறகு எங்கள் தலைவர். தலைவர் தமிழர் என்பதே அவருடைய தாயாரின் மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்த வருடம் நல்லிணக்கக் கச்சேரி என்று ஒன்று வைத்தார்கள். முதலில் புதிதாக எழுதிய ஒரு பியானோ கொன்சேர்ட்டோ, இடைவேளைக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த பழைய சிம்பனி. கொன்சேர்ட்டோவின் நடுப்பகுதியில் பியானோ ஓய்ந்துவிடும். கிளாரினெட் தனியாக ஒரு தமிழ்த் தாலாட்டை வாசிக்கும். இசையமைத்தவர் சிங்களவர், நல்ல மனுஷன். தம்பியின் தாய் பாடிய மெட்டை அவனிடமே கேட்டு எழுதினார். தேவாலயத்தில் கூட்டத்தோடு ஊதிப் பழகியவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் தனி வாசிப்பு. வீட்டில் அவன் பழகுவதைக் கேட்டுக் கேட்டு ஒழுங்கையில் எல்லா வீடும் தூங்கி வழிகிறது என்று அவன் மனைவி சிரிப்பாள்.

கச்சேரிக்குக் கறுப்புக் கோட் கட்டாயம். தம்பி ஒன்றை இரவல் வாங்கியிருந்தான். புது உடுப்பின் பரபரப்பில் அடையாள அட்டையைக் கழற்றிப் போட்ட சட்டையின் பையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். தமிழன் தலையை மறந்து வைத்துவிட்டு வெளியே போனாலும் போகலாம், அந்த அட்டையை மறக்கக்கூடாத காலம். புறக்கோட்டையில் பொலிஸார் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். கையில் பெட்டி, பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கறுப்புக் குழாய்கள். பிடித்துக்கொண்டு போக வேறென்ன வேண்டும்?

நாங்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலிருந்த கடையிலிருந்து மண்டப அலுவலகத்துக்கு அவன் மனைவி போன் எடுத்தாள்.

"அக்கா, அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினனான், பாக்கிறாங்களில்லை. ஆராவது பெரிய ஆள் சொன்னா விடுவாங்களாம். இல்லாட்டி வேற இடத்துக்கு ஏத்துவாங்களாம். கெதியா ஏதும் செய்யுங்கோ அக்கா!"

வேறு இடம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அங்கிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

பெரிய ஆளுக்கா பஞ்சம்? பிரதம விருந்தினர் ஓர் அமைச்சர், மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் இருந்தார். தலைவரிடம் ஓடினேன்.

"சேர், மினிஸ்டரிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவர் சொன்னா உடனே விட்டிடுவாங்கள்."

தலைவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். "இப்ப வேண்டாம் பிள்ளை. இது மியூசிக் ஈவ்னிங். பொலிட்டிக்ஸைக் கொண்டுவந்து எல்லாரின்ட மூடையும் குழப்பாதையும். இன்டர்வல் வரட்டும், பாப்பம்."

"தாலாட்டை ஆர் வாசிக்கிறது?"

"பியானோவே வாசிக்கட்டும்."

பியானோவே வாசித்தது. அருமையாகவும் வாசித்தது, நாசமாய்ப் போக. முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். தமிழ்த் தாயின் தாலாட்டுக்கு அவ்வளவு உருக்கம். அவள் பெற்ற பிள்ளை பொலிஸ் நிலையத்தில். வயலினைத் தூக்கி அந்தக் கைக்குட்டைகள் மேல் எறியலாம் போலிருந்தது எனக்கு.

இடைவேளையில் தலைவர் நேரே அமைச்சரிடம் போனார். அப்பாடா என்று நானும் பின்னால் போய் நின்றேன். மனுஷன் பற்றிஸ் தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தன் மகனுக்கு வெளிநாட்டுத் தூதரகத்தில் ஓர் உத்தியோகம் வேண்டுமென்று குழைந்துகொண்டிருந்தார். பற்றிஸ் முடிந்து கட்லட் வந்தது, கட்லட் முடிந்து கேக் வந்தது, தம்பியின் பேச்சு மட்டும் வரவில்லை.

இடையில் புகுந்து சிங்களத்தில் நானே சொன்னேன். தலைவர் முறைத்தார். அமைச்சர் சிரித்தார். வாயில் கேக்கோடு செயலாளரைப் பார்த்துத் தலையசைத்தார். செயலாளர் போனில் ஏதோ இரண்டு வார்த்தை பேசினான். அவ்வளவுதான், அலுவல் முடிந்தது. அது அவ்வளவு லேசாக முடிந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அமைச்சர் ஆற அமரத் தேநீர் குடித்ததில் இடைவேளை நீண்டது. அதற்குள் பொலிஸ் ஜீப்பே தம்பியைக் கொண்டுவந்து இறக்கியது. கோட்டின் ஒரு கை தோளோடு பிரிந்து தொங்கியது. கன்னம் வீங்கியிருந்தது. நான் தண்ணீர் கொடுப்பதற்குள் தலைவர் அவனை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அமைச்சரின் பெரிய மனதைப் பற்றி ஆங்கிலத்தில் முழங்கினார். நல்லிணக்கம் என்றால் இதுதான் என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது. கொன்சேர்ட்டோவுக்குக்கூட அப்படித் தட்டவில்லை.

"மினிஸ்டருக்குத் தேங்க்ஸ் சொல்லும் தம்பி," என்று மைக்கை அவன் வாயருகே பிடித்தார்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, சிங்களத்தில் நன்றி சொன்னான். மறுபடி கைதட்டல். நாங்கள் சிம்பனியை வாசித்து முடிக்கும்வரை அவன் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஒத்திகைக்கு அவன் வரவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் தேடிப் போனேன். கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது. கொன்சேர்ட்டோவை மறுபடி வைக்கப்போகிறார்கள், தாலாட்டு உனக்குத்தான் என்று இசையமைத்தவர் சொல்லி அனுப்பினார், வா என்றேன்.

அவன் கிளாரினெட் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தான்.

"ஆருக்கும் குடுங்கோ அக்கா. அவங்கள் அடிச்சதை மறந்திடுவன். நன்றி சொன்ன இந்த வாயால எப்பிடி அம்மான்ட பாட்டை ஊதுறது?"