கேர்ஃபிலி வாசலில் கழற்றிய ஷூ

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸை ஒரு பிடி பிடித்துவிட்டு ஈஸி சேரில் சாய்ந்திருந்தேன். கதவைத் தட்டியது தரைத்தளத்து மா மூ. வீட்டுக்கு முத்துலட்சுமி, தெருவுக்கு மா மூ. ரங்கூன் தமிழர்கள் பலருக்கு இப்படித் தமிழில் ஒன்று, பர்மியத்தில் ஒன்று என்று இரண்டு பெயர். கையில் நோட்டு, பேனா. முகத்தில் பரீட்சைக்கு வந்த பதற்றம்.

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் மா மூ இரண்டு இடத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வார். அப்படியும் ஏறி வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது.

பெரிதுதான். மகள் வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில் நர்ஸ். அம்மாவும் பெண்ணும் நேரில் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போதுதான் விசா வந்திருக்கிறது. பத்து நாள் பயணம். மகளுக்கு லீவு? ஒரே ஒரு நாள். எங்கே போகலாம் என்று மகள் கேட்டிருக்கிறாள். ஏதாவது ஒரு கோட்டைக்கு என்று இவர் சொல்லிவிட்டார்.

"எந்தக் கோட்டைன்னு நீங்கதான் சொல்லணும் அண்ணே. நீங்க சொல்றதுக்குத்தான் மக டிக்கட் எடுக்கும்" என்றார் மா மூ.

பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிக்கிறவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கார்டிஃபில் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். அந்த மூன்று வாரத்தை இரண்டு வருடமாக விற்றுக்கொண்டிருக்கிறேன்! மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் நாலாவது பாராவில் ஒரு வேல்ஸ் கோட்டை வந்துவிடும். தெருமுனைத் தேநீர்க் கடையில் எனக்குக் 'கோட்டை அண்ணன்' என்றே பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

கேட்டவுடன் மடை திறந்துவிட்டேன். கார்னார்வன்: சுவரில் வரி வரியாக நிறம் மாறும் கல். ராக்லன்: தனக்கென்று தனி அகழி வைத்திருக்கும் ஒரு கோபுரம். டின்டர்ன் — கோட்டையில்லை, இடிந்த மடாலயம். கூரை போய்விட்டது, உள்ளே நின்றால் தலைக்கு மேல் வானம். கடைசியாக, எட்டுக் கோபுரங்களோடு கான்வி.

"கான்விதான் மா மூ. கண்ணை மூடிக்கொண்டு எழுது. கோபுரத்து உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை... அந்தக் காற்று இருக்கிறதே!"

மா மூ எழுதினார். 'கான்வி. உச்சிக்கு ஏறணும்.' கீழே ஒரு கோடு வேறு போட்டார். எழுதிய கை அப்படியே இறங்கி முழங்காலைத் தடவியது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கோபுரத்திலும் ஏறியதில்லை. கான்வியில் சுழல் படிக்கட்டு. பன்னிரண்டாவது படியில் தலை சுற்றியது. திரும்பி இறங்க இடமில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூடமே ஏறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பின்வாங்கி எனக்கு வழிவிட, உட்கார்ந்த வாக்கில் படி படியாக இறங்கினேன். கீழே பெஞ்சில் கேக் சாப்பிட்டேன். கடல், மலை, காற்று எல்லாம் மகன் போனில் எடுத்து வந்து காட்டியது. போனில் காற்று எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் சேர்த்துக்கொண்டேன்.

அது மட்டுமா? கார்டிஃபிலிருந்து கான்விக்குப் போக நாலு மணி நேரத்துக்கு மேல். வரவும் அதே. ஐந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே நாளை ரயிலிலும், ஏற முடியாத படிக்கட்டின் அடியிலும் கழிக்க வேண்டியதுதான். என் ஜம்பத்துக்காக.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடப் பார்வை.

"அந்த ஷூ கதையச் சொல்லுங்க அவுங்களுக்கு" என்றாள்.

தேநீர்க் கடையில் நான் சொல்லாத ஒரே கதை அதுதான். வேறு வழியில்லை, சொன்னேன்.

வேல்ஸ் போய் இறங்கிய மறுநாள் மகன் கேர்ஃபிலி கோட்டைக்குக் கூட்டிப்போனான். சுற்றிலும் தண்ணீர். இடிந்த சுவர்கள். ஒரு கோபுரம் இதோ விழப்போகிறேன் என்று சாய்ந்து நிற்கிறது. மகன் டிக்கெட் வாங்க முன்னால் போனான். நான் வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸையும்தான். பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறந்ததிலிருந்து பழக்கம். எங்கள் ஊரில் பழைய கட்டடம் என்றால் பயாதான், அதாவது புத்தர் கோயில். பாதி இடிந்து செடி முளைத்திருந்தாலும் செருப்போடு உள்ளே போகக்கூடாது. கை தானாக வேலை செய்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை.

டிக்கெட் கொடுத்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, ஷூ கடிக்கிறதா என்று கனிவாகக் கேட்டார். மகன் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, இது பயா இல்ல. கோட்டை" என்றான் மெதுவாக.

ஷூவைத் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே? வீம்பு விடவில்லை. காலுக்குக் காற்றாட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். தூறல். ஈரப் புல். பத்தே நிமிடத்தில் என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை. மகன் கொஞ்ச தூரம் கூடவே வந்தான். பிறகு அந்தச் சாய்ந்த கோபுரத்தின் கீழே உட்கார்ந்து, தன் ஷூவைக் கழற்றினான்.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் வெறுங்காலில் கோட்டையைச் சுற்றினோம். முதல் வருடக் குளிரில் தனியாக அழுததை அன்றைக்குத்தான் சொன்னான். போனில் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு இரண்டு நாள் தும்மினேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைப் போய் மானக்கேடு என்று மறைத்து வைத்திருந்திருக்கிறேன்... என்ன புத்தி!

மா மூ என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உச்சியில ஏறுனது?"

"ஏறல."

அவர் பேனாவை எடுத்தார். கான்வியை அடித்துவிட்டுக் கேர்ஃபிலி என்று எழுதிக்கொண்டார். கார்டிஃபிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது, உட்காரப் பெஞ்சு உண்டு, அகழியில் வாத்து உண்டு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் காற்று சேர்க்காமல் நான் கொடுத்த முதல் பயணக் குறிப்பு அது.

நேற்று அவரிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பின்னால் சாய்ந்த கோபுரம். முன்னால் ஈரப் புல்லில் நாலு வெறுங்கால்கள். இரண்டில் மருதாணி, இரண்டில் வீங்கிய கணுக்கால். கீழே ஒரு வரி: 'மக ரொம்பப் பேசுச்சு அண்ணே.'

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் என் மனைவி அந்தப் படத்தை, கதையோடு சேர்த்து, தெரு முழுக்க அனுப்பிவிட்டாள். இன்று காலை தேநீர்க் கடைக்குப் போனால் 'கோட்டை அண்ணன்' பறிபோய்விட்டது. புதுப் பெயர் 'வெறுங்கால் அண்ணன்'.

போகட்டும். இந்தப் பட்டமாவது நானே நடந்து வாங்கியது.