முள் இல்லாத கருவாடு

ஏற்காட்டில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள், எதையும் மோந்து பார்க்காமல் ஃபிரிட்ஜில் வைக்க மாட்டார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடி மப்ளர். மூக்கு மட்டும் எப்போதும் வெளியே தயாராக இருக்கும்.

என்னிடம் ஃபிரிட்ஜ் இல்லை. நண்பன் கொண்டுவந்து கொடுத்த இரண்டு வகை சீஸை அவரிடம் எடுத்துப் போனேன். கெட்டியான மஞ்சள் சீஸைக் கண்ணை மூடி மோந்தவர், "இது சைவமுங்க" என்று உள்ளே வைத்தார். நீலப் பூசணம் ஓடவிட்டே செய்யும் மற்றதை மோந்ததும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, இது கவுச்சியாச்சுங்களே!"

"பாலில் செஞ்சதுதாங்க."

"பாலா இருந்தா என்னுங்க, வாசம் கருவாடுங்க. பொரட்டாசில எங்கூட்டு ஃபிரிட்ஜுல கருவாடு வெக்கறதில்லீங்க."

சீஸ் மூடி போட்ட ஒரு தூக்குப்போசியில் ஏறி விறகுக் கொட்டகைக்குப் போனது. மலைக் குளிரை நம்பி நானும் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மூடிய கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார்.

"உங்க கருவாடுங்க. கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வெச்சுட்டனுங்க. நொம்ப எளசுங்க, முள்ளே இல்ல."

சீஸை அப்படிச் சமைக்கக் கூடாது என்று சொல்லத்தான் சாப்பிட்டு முடித்துக் கீழே இறங்கினேன். இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அடுத்த முறை என்ன கொண்டுவரட்டும் என்று நண்பன் போனில் கேட்டான். வாய் தவறிக் கருவாடு என்று சொல்லிவிட்டேன். அவனும் கருவாட்டையே கொண்டுவந்தான்.

அம்மாள் கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"போன தடவ மாதிரி இல்லீங்களே" என்றார்.