மருதப்பன் ஐயாவும் படத்தில் இடம்பெறாத என் இரண்டு பக்கங்களும்

இயக்குநர் மருதப்பன் ஐயா இன்று காலை காலமானார்.

எண்பத்து மூன்று வயது. காலை உணவுக்குப் பசியாறிவிட்டு, நாளிதழை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்தபடியே...

"ஆன்ட்டி, அப்பா போயிட்டாரு. கஷ்டப்படல. சும்மா தூங்குற மாதிரிதான் இருக்காரு" என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவ்வளவுதான் செய்யத் தோன்றியது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐயா பகலில் துறைமுகத்தில் எழுத்தர். மாலையில் சமூக மன்ற மேடைகளில் நாடக இயக்குநர். பிறகு தொலைக்காட்சி நாடகங்கள். பணி ஓய்வுக்குப் பின், ஒரே ஒரு திரைப்படம்.

நான் அவருக்கு அறிமுகமானது தையற்காரியாக. தேக்கா வட்டாரத்தில் உள்ள என் கடையில் அரச உடைகள் தைக்கக் கொடுத்தார். அளவுச்சீட்டோடு தவறுதலாக ஒரு வசனத்தாளும் வந்துவிட்டது. அரசர் பேசுவது சப்பென்று இருந்தது. நானே வேறு எழுதி, உடைகளோடு அனுப்பினேன்.

தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றவள் நான். தமிழை நூலகத்தில், எனக்கு நானே ஆசிரியையாக இருந்து கற்றவள்.

மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். "யாரும்மா இத எழுதுனது?"

"நான்தான்."

"அப்ப இனிமே நீங்களே எழுதுங்க, புலவரம்மா. உடுப்ப வேற ஆளு தைக்கட்டும்."

உடைகளையும் தொடர்ந்து நானே தைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனி அந்தத் திரைப்படம்...

கணவனை இழந்த ஒரு பெண் உடலருகே அமர்ந்து பேசும் காட்சி. அதற்கு இரண்டு பக்கங்களில் புலம்பல் வசனம் எழுதினேன். ஒரு மாத உழைப்பு. அதைவிடச் சிறப்பாக நான் எதையும் எழுதியதில்லை. திரையில் என் தமிழ் ஒலிக்கப்போகிறது என்று தேக்காவில் எனக்குத் தெரிந்த அனைவரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

படப்பிடிப்பு பிடோக் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்; குடியிருப்பாளர் வீட்டுத் துக்கங்கள் நடப்பதும் அங்கேதான். வெள்ளைத் துணி, வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள்... உண்மையான துக்க வீடு போலவே.

"சனங்க பயந்துடப் போறாங்க. ஷூட்டிங்னு ஒரு நோட்டீஸ் எழுதி லிஃப்ட்டுகிட்ட ஒட்டிடுங்க" என்றார் ஐயா.

ஒட்டினேன். "பெருமதிப்பிற்குரிய குடியிருப்பாளர்களுக்கு ஆழ்ந்த பணிவுடன் அறியத் தருவது யாதெனில்" என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். தமிழில் மட்டும். படப்பிடிப்பு என்ற செய்தி பதினான்காம் வரியில் வந்தது. அழகுக்காகச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டிருந்தேன்.

கறுப்புக் கட்டத்தைக் கண்டால் மக்கள் மரண அறிவிப்பு என்றுதான் நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிணமாகப் படுக்க ஒப்புக்கொண்டிருந்தவர், "வீட்டுல வேணாங்கறாங்கண்ணே" என்று கடைசி நேரத்தில் வராமல் நின்றுவிட்டார். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தாமே படுத்துக்கொண்டார்.

அவர் 'கட்' சொல்லாமல் கேமரா நிற்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவரோ பிணம்.

முதலில் மூன்றாம் மாடிச் சீனப் பெரியவர் வந்தார். ஐயாவின் கால்மாட்டில் நின்று மூன்று முறை குனிந்து வணங்கினார். "ஸோ சடன் ஆ..." என்று என்னிடம் துக்கமும் விசாரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து ஒரு தமிழ்ப் பெண்மணி, மார்க்கெட் பையோடு. விதவையாக நடித்தவரின் அருகில் நேரே சென்று அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த மாடிம்மா நீ? பாத்ததே இல்லயே... சாப்புட்டியா? ஒரு வாய் கோப்பியாவது குடி. கூட யாரு இருக்கா உனக்கு?"

என் இரண்டு பக்கங்களையும் மனப்பாடம் செய்திருந்த அந்த நடிகை, அவற்றில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். உண்மையாகவே அழுதார்.

நெடுநேரம் கழித்துப் பிணம் எழுந்து உட்கார்ந்து, "கட்!" என்றது.

அந்த அம்மா போட்ட அலறலில் பத்தாம் மாடி வரை எட்டிப் பார்த்தார்கள். ஐயா கழுத்து மாலையோடு மன்னிப்புக் கேட்க ஓடினார்.

"செத்த ஆளு ஓடி வரலாமா? நெஞ்சே நின்னுருக்கும் லா எனக்கு!" என்று பையாலேயே ஒரு போடு போட்டார் அந்த அம்மா. பிறகு, காட்சியைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதமும் தந்தார். "ஆனா மூஞ்சி நல்லா வந்துருக்கணும்."

நன்றாகவே வந்திருந்தது. அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. என் இரண்டு பக்கங்கள் இல்லை.

"என் வசனம் எங்கே, ஐயா?"

"அந்தம்மாவ வரவழச்சதே உங்க நோட்டீஸ்தானே, புலவரம்மா!"

சிரிப்பதற்குரிய பதில். நான் சிரிக்கவில்லை. நான்கு மாதங்கள் அவரோடு பேசவும் இல்லை.

முதல் திரையிடலுக்கு அழைப்பிதழ் வந்தது. போகக் கூடாது என்று முடிவு செய்தேன்... பிறகு பட்டுப்புடவை உடுத்திப் போனேன். அந்தக் காட்சியில் அரங்கமே மூக்கை உறிஞ்சியது. நானும்தான். ஒப்புக்கொள்வதில் எனக்கு இழுக்கில்லை.

வாசலில் ஐயா நின்றிருந்தார். "சொல்லுங்க, புலவரம்மா."

"நன்றாக இருக்கிறது. என் இரண்டு பக்கங்களும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்."

"இருக்காது லா."

"இருந்திருக்கும்."

அதன்பின் எத்தனையோ நாடகங்கள் சேர்ந்து செய்தோம். ஒத்திகையிலும் தொலைபேசியிலும் இதே பேச்சு எங்களுக்குள் தொடர்ந்தது. போன தீபாவளிக்குப் பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். நான் இன்னும் உட்காரவே இல்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இருக்காது லா" என்றார்.

நாளை மாலை மண்டாயில் தகனம். மலர்வளையம் வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம்.

மனநிறைவோடு வழியனுப்புகிறேன், ஐயா. நம் வழக்கு மட்டும் நிலுவையில் இருக்கட்டும். தாங்கள் இனி மறுத்துப் பேச மாட்டீர்கள் என்பதற்காக, நான் வென்றுவிட்டேன் என்று எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.